விளம்பரத்தில் எழுதியதே வாக்குறுதி: பழைய மின் டிரைக்கை விற்பதும் வாங்குவதும்

“மின்சார டிரைக் விற்பனைக்கு. புதுசு மாதிரி. பேட்டரி சூப்பர். லைசென்ஸ் தேவையில்லை, ரோட்டில் தாராளமாக ஓட்டலாம். வேகம் 45.”

கைப்பேசியில் அரை நிமிடத்தில் தட்டிப் போட்டுவிடக்கூடிய விளம்பரம் இது. முடா இணையத்தளத்திலும் முகநூல் சந்தையிலும் இந்தப் பாணி விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. எழுதுகிறவருக்கு இது வெறும் அலங்காரம். சட்டத்தின் கண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்குறுதி. கடைசி இரண்டு வாக்கியங்கள் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்பதுகூட எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வண்டியைப் பற்றி. சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள்தான் டிரைக். பெரும்பாலும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சமநிலை பிடிக்க வேண்டியதில்லை, நின்றால் விழாது, முட்டிக்கும் முதுகுக்கும் பாரம் குறைவு. இடுப்பு வலிக்காரர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் பலவீனமானவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். மேட்டில் ஏறும்போது கைகொடுக்க ஒரு சிறிய மோட்டாரும் பேட்டரியும் சேர்த்தால் மின் டிரைக். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள நீலாய், லாபு, மந்தின் பக்கத்துச் சாலைகள் ஏறி இறங்குபவை. மோட்டார் இல்லாமல் அறுபது வயதுக்காரர் இங்கே சாய்ந்துகொண்டு மிதித்தால் முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற ஓட்டக்காரர், சார்ல் மொஷே உருவாக்கிய சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளின் உலகச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே அனைத்துலகச் சைக்கிள் சங்கம் சாய்வு சைக்கிள்களைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கியது. பந்தயம் இல்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் இங்கிலாந்தின் ஐ.சி.இ., ஜெர்மனியின் எச்.பி. வெலோடெக்னிக், அமெரிக்காவின் கேட்டிரைக் எனச் சில சிறிய நிறுவனங்கள்தாம் இதைச் செய்கின்றன. அபூர்வமான பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள், அபூர்வமான பொருளை வாங்குகிறவரும் அபூர்வம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீலாயில் உட்கார்ந்துகொண்டு ஒரே வாரத்தில் விற்றாக வேண்டும் என்றால் விலையை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று மாதம் பொறுக்க முடிந்தால் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சரியான ஆள் வருவார்.

விலையை நிர்ணயிப்பது பேட்டரி

பழைய டிரைக்கின் விலையைப் பேசும்போது பலரும் சட்டகத்தின் பெயிண்டைப் பார்க்கிறார்கள், கீறலைத் தடவிப் பார்க்கிறார்கள். அலுமினியச் சட்டகம் இருபது ஆண்டுகூட நிற்கும். பணம் கரைவது பேட்டரியில். லித்தியம்-அயன் பேட்டரி பொதுவாக 500 முதல் 1,000 முழுச் சுற்று வரை தாக்குப்பிடித்து, பிறகு கொள்ளளவில் கணிசமாக இறங்கிவிடும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் அது வயதாகும். முழுச் சார்ஜில், தகரக் கூரைக் கொட்டகையின் வெப்பத்தில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் வயதாகும். “நான் அதிகம் ஓட்டவே இல்லை” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், நாலு வருடம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. பேட்டரியின் ஒட்டுச்சீட்டில் 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்கினால் 504 வாட்-மணி. அதுதான் புதிதாக இருந்தபோது அதன் கொள்ளளவு. முழுச் சார்ஜ் ஆனதும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியின் முனைகளில் வையுங்கள். 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 48 வோல்ட் பேட்டரி என்றால் 54.6. 36 வோல்ட் பேட்டரி 40-ஐத் தாண்டாமல் நின்றால் சார்ஜரில் கோளாறு இருக்கலாம், உள்ளே ஏதோ ஒரு வரிசை செல்கள் சோர்ந்தும் போயிருக்கலாம். வோல்ட் சரியாகக் காட்டினாலும் அதோடு நிறுத்திவிடக் கூடாது. களைத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டைக் காட்டும், பாரம் ஏறும்போதுதான் சரியும். அதனால் பாதுகாப்பான இடத்தில் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, உதவி நிலையை உச்சத்தில் வைத்து ஏறிப் பாருங்கள். திரையில் ஐந்து கோடு காட்டிக்கொண்டிருந்த பேட்டரி மேட்டின் நடுவில் இரண்டு கோட்டுக்கு விழுந்து, மேலே போனதும் திரும்ப நாலுக்கு ஏறினால் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் இந்தச் சோதனையைத் தானே செய்து, முழுச் சார்ஜிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த உதவி நிலையில், ஓட்டியவர் எடை எவ்வளவு என்று எழுதி வைத்தால் பேரத்தில் பாதி வேலை முடிந்தது.

பேட்டரிக்கு அடுத்தது டிரைக்கிற்கே உரிய தேய்மானம். இதன் சங்கிலி சாதாரண சைக்கிள் சங்கிலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்; மாற்றினால் இரண்டு மூன்று சங்கிலி வாங்கி இணைக்க வேண்டும். சங்கிலியைத் தாங்கிச் செல்லும் சிறு உருளைகளும் தேயும். முன் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காவிட்டால் டயர்கள் பல்லால் கொறித்ததுபோல் ஓரம் தேய்ந்துபோகும். டயரைப் பார்த்தாலே சக்கர ஒழுங்கு தெரிந்துவிடும். வலைத்துணி இருக்கை வெயிலில் பொடியாகும். காலுக்கேற்ற நீளத்தை மாற்றும் முன் குழாய் நகர்கிறதா, துருப்பிடித்து இறுகிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். விற்பவர் ஆறடி, வாங்குபவர் ஐந்தடி என்றால் அந்தக் குழாய் நகராத வண்டி வாங்குபவருக்குப் பயன்படாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை வெறும் எடுத்துக்காட்டுக்கான எண்கள். வண்டி புதிதாக 9,000 வெள்ளி, மோட்டார்த் தொகுதி 3,000, பேட்டரி 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் கழித்து வண்டியை 4,500 என்று மதிப்பிடலாம். மோட்டார் புதிதாக 3,000 ஆனாலும் உத்தரவாதம் முடிந்த மோட்டாருக்கு 1,000-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். பேட்டரி சோதனையில் பாதிக்குச் சற்று மேல் கொள்ளளவு காட்டினால் அதற்கு 500 போதும், ஏனென்றால் வாங்குபவர் ஒன்றிரண்டு வருடத்தில் புதிது வாங்கியே தீர வேண்டும். டயர், சங்கிலி, பிரேக் கட்டை மாற்ற 600-ஐக் கழியுங்கள். 5,400. விளம்பரத்தில் 5,900 என்று போட்டு, 5,000-க்குக் கீழ் இறங்குவதில்லை என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். “நான் 14,000 போட்டு வாங்கினேன்” என்பது விற்பவருடைய மன வேதனை. சந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. செல் மாற்றிக் கட்டிய பேட்டரி, அதாவது பழைய பேட்டரிகளைப் பிரித்து நல்ல செல்களை எடுத்துப் பற்றவைத்துச் செய்தது, மலிவாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்டது வண்டியில் இருந்தால் விலையைக் குறைப்பதோடு நிறுத்தாதீர்கள், அதை விற்கவே வேண்டாம். 2023-இல் நியூயார்க் நகர மன்றம் பயன்படுத்திய செல்களைக் கொண்டு மறுபடி கட்டிய லித்தியம் பேட்டரிகளைச் செய்வதையும் விற்பதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. குடியிருப்புகளில் மின் சைக்கிள் பேட்டரி தீ அந்த நகரத்தில் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பழக்கம் என்ன? கதவோரம், வீட்டைவிட்டு வெளியேறும் வழியிலேயே வண்டியை நிறுத்தி, இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது. லயன் வீட்டிலும் தாமான் வரிசை வீட்டிலும் வேறு இடம் ஏது? பேட்டரி வீங்கியிருந்தால், கீழே விழுந்து பெட்டி விரிசல் விட்டிருந்தால், சார்ஜர் வேறு வண்டியுடையதாக இருந்தால், வாங்குபவர் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம்.

ரோட்டில் ஓட்டலாமா?

இப்போது “லைசென்ஸ் தேவையில்லை, வேகம் 45” என்ற வரிக்கு வருவோம். மலேசியாவில் மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொள்ளும் வண்டியைத்தான் சைக்கிள் வகையில் பார்க்கிறார்கள். ஐரோப்பாவின் ஈ.என். 15194 தரமும் அதே 25 கிலோமீட்டர், 250 வாட் எல்லையைத்தான் வைத்திருக்கிறது. மிதிக்காமலே கைப்பிடியைத் திருகினால் ஓடும் வண்டி, அல்லது வேகப்பூட்டைத் திறந்து 40, 45-க்கு ஏற்றிய வண்டி, சைக்கிள் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. மின்சார ஸ்கூட்டர், மோப்பெட் போன்ற சில சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று தடைசெய்யும் விதிகள் 2021-இல் வந்தன. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் அதை 2022 ஏப்ரலில் அறிவித்தபோது பலர் தலையில் கைவைத்தார்கள். ஆகவே 45-இல் ஓடினால் “ரோட்டில் தாராளமாக” என்பது பொய். ரோட்டில் சட்டப்படி ஓடும் சைக்கிள் என்றால் 45 பொய்.

“நான் பெரிய ரோட்டுக்குப் போவதில்லை, தோட்டத்து ரோட்டில்தான் ஓட்டுவேன்” என்ற பேச்சை நீலாய் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘சாலை’ என்பதற்கு அரசு சாலையை மட்டும் சொல்லவில்லை. பொதுமக்கள் வந்துபோகக்கூடிய எந்தச் சாலையும் அதில் அடங்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையில் கேட் இல்லாமல், பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகிறவர்களும் நடந்தால் அதுவும் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். பழக்குலை ஏற்றிய லோரியோடு மோதி ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி இல்லை, பதிவு இல்லை என்ற பேச்சு அப்போதுதான் வரும். வண்டி தரையோடு ஒட்டித் தாழ்வாக ஓடுகிறது. லோரி ஓட்டுநரின் கண்ணில் படாது. உயரமான கொடிக்கம்பியும் பின்விளக்கும் அவசியம், இவை இல்லாத வண்டியை விற்பவர் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.

விற்பவர் செய்ய வேண்டியது இதுதான். கைப்பிடித் திருகு இருந்தால் அதை எழுதுங்கள். வேகப்பூட்டைத் திறந்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் “பொதுச் சாலைக்கு அல்ல” என்று எழுதுங்கள். விலை குறையும், அது வேறு விஷயம். சொன்னதை நம்பி வாங்கியவர் பிறகு ‘ஏமாற்றிவிட்டார்’ என்று வந்து நிற்கும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

சட்டம் யாருக்கு எவ்வளவு உதவும்

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். கடையில் வாங்கியதற்கும் தனி ஆளிடம் வாங்கியதற்கும் சட்டம் வேறு வேறு.

செகண்ட் ஹேண்ட் பொருள்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவரிடம் வாங்கினால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பக்கபலமாக நிற்கும். பழைய பொருளாக இருந்தாலும் விலைக்கும் வயதுக்கும் ஏற்ற நியாயமான தரம் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், பொருளின் முந்தைய பயன்பாட்டைப் பற்றித் தவறாகச் சொல்லக்கூடாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டிய தாள் இந்த உரிமைகளை அழித்துவிடாது. பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. கோரக்கூடிய தொகை 50,000 வெள்ளி வரை; 2019-க்கு முன் 25,000-ஆக இருந்தது. வழக்கறிஞர் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் அனுமதியில்லை. கோரிக்கை பிறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பின் தொகையைக் குறித்த காலத்தில் கொடுக்காவிட்டால் அது குற்றமாகும். விவரம் கேட்கச் சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகத்துக்குப் போகலாம், இணையத்திலும் பதியலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் தான் ஓட்டிய டிரைக்கை விற்கிறார் என்றால் இந்தத் தீர்ப்பாயம் திரும்பிப் பார்க்காது. அவர் வியாபாரி இல்லை. அப்போது நிற்பது 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும். பொருள் விற்பனைச் சட்டம் முதலில் மலாய் மாநிலங்களுக்காக வந்தது, நெகிரி செம்பிலான் அவற்றுள் ஒன்று. அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்தால் வாங்குபவருக்கு வயிற்றைக் கலக்கும். தொழிலாக விற்காதவரிடம் வாங்கும் பொருளின் தரத்துக்கு மறைமுக உறுதி எதுவும் இல்லை. வாங்குபவரே விழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் 14-ஆம் பிரிவும் 15-ஆம் பிரிவும் எல்லோருக்கும் பொருந்தும். விற்பவருக்கு அந்தப் பொருளை விற்க உரிமை இருக்க வேண்டும். விவரத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். “36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி அசல் பேட்டரி” என்று எழுதியிருந்து, உள்ளே 10 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் விற்பவர் மாட்டிக்கொள்வார். “பேட்டரி சூப்பர்” என்று எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் ‘சூப்பர்’ என்பது எதுவென்று இரண்டு தரப்பும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். வாங்குபவருக்கு இதில் வேண்டியது எண்கள்தான். எண்களை எழுதும்படி வற்புறுத்துங்கள்.

மௌனமும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின்படி, வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மோசடி ஆகாது. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்வது மோசடி. எனவே வாங்குபவர் கேட்கவேண்டும், அதுவும் வாட்ஸ்ஆப்பில். “பேட்டரியைப் பிரித்துச் செல் மாற்றியிருக்கிறீர்களா? வண்டி விபத்தில் மாட்டியதுண்டா? தவணை பாக்கி இருக்கிறதா?” மூன்று கேள்வி, மூன்று பதில், திரைப்பிரதி. பதில் சொல்லாமல் ‘வந்து பாருங்க அண்ணே, அப்புறம் பேசலாம்’ என்று நழுவினால் அதுவும் ஒரு பதில்தான்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தவணையில் வாங்கிய வண்டியின் கடைசித் தவணை கட்டும் முன்பே பலருக்கும் அது தங்களுடையது என்ற நினைப்பு. வாடகைக் கொள்முதல் முறையில் எடுத்திருந்தால் கடன் முடியும்வரை உரிமை நிதி நிறுவனத்துடையது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் அட்டவணையில் பயனீட்டாளர் பொருள்களோடு உடல் ஊனமுற்றோர் வாகனமும் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை விற்றால் வாங்குபவர் பணத்தையும் இழந்து வண்டியையும் இழக்க நேரும், விற்பவர்மேல் போலிஸ் புகார் போகும். சமூக நலத்துறையிடமிருந்தோ சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடமிருந்தோ உதவியாகப் பெற்ற உபகரணமும் விற்பனைப் பொருள் ஆகாது. விற்கும் முன் கொடுத்த அலுவலகத்தைக் கேட்டுவிட வேண்டும். திருட்டுப் பொருளும் இதே கதை. திருடன் உரிமையாளர் இல்லை, அவனிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை கிடைப்பதில்லை. தெரிந்தே வாங்கினால் தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு. சட்டகத்தின் அடியில் பொறித்த எண்ணை ரசீதிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் அரைக்கப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் எழுந்துவிடுங்கள்.

தனி ஆளோடு வரும் சண்டைக்கு நீதிமன்றமும் இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு, வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். அதற்கு மேல் 1,00,000 வரை அதே நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு அவகாசம். அவகாசம் அதிகம் இருக்கிறதே என்று உறங்கிவிடாதீர்கள், ஆறு ஆண்டில் வாட்ஸ்ஆப் உரையாடல் கைப்பேசியோடு போய்விடும். நீலாயில் பல்கலைக்கழகங்கள் பல இருப்பதால் மாணவர்கள் பழைய பொருள்களுக்கு அலைகிறார்கள். அவர்களில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது. விற்பவர் அவரிடமிருந்து பணத்தை வாங்கிய பிறகு, பெற்றோர் வந்து திரும்பக் கேட்டால் நிலைமை சங்கடமாகிவிடும். பேரம் ஆரம்பிக்கும் முன்பே வயதைக் கேட்டுவிடலாம்.

பணம் கைமாறும் நேரம்

விற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வழக்கமான தந்திரம் இப்படி: வாங்குபவர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்கே ஒத்துக்கொள்வார். வேறு மாநிலத்தில் வேலை என்பார். பணம் அனுப்பிவிட்டதாக ரசீதுப் படம் அனுப்புவார். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை லோரிக்காரரிடம் கொடுங்கள் என்பார். அல்லது ஒரு இணைப்பையோ செயலிக் கோப்பையோ அனுப்பி, பணத்தைப் பெற இதைத் தட்டுங்கள் என்பார். விற்பவர் பணம் பெற எந்த இணைப்பையும் தட்ட வேண்டியதில்லை, ஓ.டி.பி. எண்ணையும் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு எண்ணோ டியூட்நவ் எண்ணோ போதும். ரசீதுப் படத்தை நம்பாமல் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறிய பிறகுதான் வண்டி படியிறங்க வேண்டும்.

வாங்குபவரும் முன்பணம் அனுப்பும் முன் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சோதித்துவிடலாம். புகார் ஏற்கெனவே இருந்தால் அது காட்டிவிடும். அங்கே எதுவும் இல்லை என்பதால் ஆள் யோக்கியர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடியுமா என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. பிறகு நீலாய் காவல் நிலையத்தில் புகார்; தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாக அது போகும். ஐ.சி. (அடையாள அட்டை) படத்தைக் கேட்டால் நேராக அனுப்பாதீர்கள். ‘டிரைக் விற்பனைக்கு மட்டும்’ என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுப் படமெடுத்து அனுப்பலாம்.

வண்டியைப் பார்க்க வருகிறவரை வீட்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை. நீலாய் கொம்யூட்டர் நிலையத்தின் கார் நிறுத்துமிடம்போல் நாலு பேர் நடமாடும் இடம் போதும். டிரைக்கை ஓட்டிப் பார்க்கும் முன் பிரேக்கைச் சோதித்து, முன் குழாயை அவர் காலுக்குச் சரிசெய்து, ஹெல்மெட்டையும் கொடுங்கள். முதல்முறை ஓட்டுகிறவர்கள் காலை இறக்கித் தரையில் ஊன்றிவிடுவார்கள். வண்டி நகரும்போது கால் அடியில் சிக்கினால் கணுக்கால் முறியும். கால்களை மிதியிலேயே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் விடவேண்டும்.

எல்லாம் ஒத்துவந்தால் ஒரு துண்டுத் தாள் போதும். அதில் இவ்வளவு எழுதினால் நிறைந்துவிடும்: இரண்டு பேரின் பெயர், ஐ.சி. எண்ணின் கடைசி நாலு இலக்கம், முகவரி. வண்டியின் பெயர், சட்டக எண், மோட்டார் வாட், பேட்டரி வோல்ட்டும் ஆம்பியர்-மணியும், செல் மாற்றப்படாதது. தேதியோடு முழுச் சார்ஜ் வோல்ட். “மிதித்தால் மட்டும் உதவும், 25 கிலோமீட்டரில் நிற்கும்” அல்லது “கைப்பிடித் திருகு உள்ளது, பொதுச் சாலைக்கு அல்ல”. தெரிந்த குறைகள் (இருக்கையில் கிழிசல், இடது முன் டயர் தேய்ந்தது). விலை, எப்படிச் செலுத்தினார், எத்தனை மணிக்குக் கைமாறியது. “நான் பார்த்து, ஓட்டிப் பார்த்து, உள்ளபடி வாங்கிக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழ் கையெழுத்து. மலாயில் ஒரு பிரதி எழுதிவைத்தால் பிறகு அதிகாரிகளிடம் காட்ட வசதி. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு படி. விற்பவருக்கும் இதில் லாபம் இருக்கிறது: அடுத்த நாளே ‘டயர் தேய்ந்திருக்கு, பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்க முடியாது.

வாங்குபவர் சபாவிலோ சரவாக்கிலோ இருந்தால் இன்னொரு தடை உண்டு. விமானத்தில் பயணிகளுக்கு 160 வாட்-மணிக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரி அனுமதியில்லை. 504 வாட்-மணி பேட்டரி மூன்று மடங்குக்கும் மேல். கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் நிற்பதில் பயனில்லை. கப்பல் சரக்கில் அபாயப் பொருள் என்று அறிவித்துத்தான் அனுப்ப வேண்டும், செலவு விலையில் சேரும். பேட்டரியை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் விற்று, அவர் அங்கேயே பேட்டரி வாங்கிக்கொள்ளட்டும் என்று பேசி முடிப்பது பல நேரம் எளிது.

அப்படி வீட்டில் தங்கிவிடும் பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்.டபிள்யூ. 103 என்ற வகையில் வருகிறது. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கும்வரை முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் அருகில் இல்லாத நிழலான இடத்தில் வைத்திருங்கள்.